தமிழில் விளையாட்டுத் தளம்: வந்தவர்கள் மறுபடியும் வர என்ன எழுதலாம்?

பாலஸ்டியர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து தமிழில் ஒரு விளையாட்டுத் தளம் நடத்தி வருகிறோம். நால்வருக்கும் பகலில் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் எழுத உட்கார முடிகிறது. அதனால் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

2024 டிசம்பரில் செந்தோசாவில் குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்றபோது எங்கள் கட்டுரைக்கு நல்ல கூட்டம் வந்தது. கடைசி ஆட்டமான 14ஆவது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் யானையை எங்கே வைத்தார், அது ஏன் ஆட்டத்தையே பறிகொடுக்க வைத்தது என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டு விளக்கியிருந்தோம். 7.5-6.5 என்று முடிந்த அந்த இரவில் ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பார்த்தால் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

கையில் உள்ள யோசனைகள்: இங்கிலீஷ் பிரிமியர் லீக், ஐபிஎல், உள்ளூர்க் காற்பந்து, பள்ளி விளையாட்டு, பழைய வீரர்களின் நேர்காணல், ஆட்ட முடிவை ஊகிக்கும் போட்டி. அத்தனையும் செய்ய ஆள் இல்லை. நீங்கள் ஒரு தளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்றால் எதற்காகப் போகிறீர்கள்? அதைச் சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை முடியும்.

மூணுமணிக்காரன்

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்கு விடியற்காலை 3 மணிக்கு, இங்கிலாந்தில் குளிர்காலம் என்றால் 4 மணிக்கு. பார்க்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள். பார்க்காதவர்களுக்கு எம்ஆர்டி ஏறுவதற்குள் கைப்பேசியில் முடிவும் கோல்களும் வந்துவிடும். அதற்குப் பிறகு "லிவர்பூல் 2-1 என வென்றது, முதல் கோல் 23ஆவது நிமிடத்தில்" என்று ஒரு செய்தி வந்தால் நான் தலைப்போடு நிறுத்திக்கொள்வேன்.

காலை 7 மணிக்கு ரயிலில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயத்தின் விளக்கம். இடைவேளைக்குப் பிறகு அந்த வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரரை ஏன் நடுத்திடலுக்கு நகர்த்தினார் பயிற்றுநர்? அதனால் எதிரணிக்கு எந்த இடம் திறந்துகொண்டது? இதை நாலு பத்தியில் தமிழில் எழுதுகிறவர்களைத் தேடித்தான் பார்க்கிறேன், கிடைப்பதில்லை.

அப்புறம், ஃபேண்டசி பிரிமியர் லீக் ஆடுகிறவர்களை, அதாவது நிஜ வீரர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கிறவர்களை, மறந்துவிடாதீர்கள். அலுவலக நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று குழு குழுவாக ஆடுகிறார்கள். அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு அணியைப் பூட்டிவிடுவார்கள். அங்கே வெள்ளி இரவு ஆட்டம் இருந்தால், பூட்டும் நேரம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30 அல்லது 2.30. ஆகவே எல்லோரும் வெள்ளிக்கிழமை தூங்கப் போகும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும். வெள்ளி மாலை 6 மணிக்கு, வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில், "யாருக்குக் காயம், யாரை மாற்றலாம், யாரை அணித்தலைவராக வைக்கலாம்" என்று தவறாமல் ஒரு பதிவு வந்தால் நான் ஒவ்வொரு வெள்ளியும் வருவேன். நினைவூட்டவே வேண்டாம்.

எண்கணக்கு

பாலஸ்டியர்வாசி, வருகைக் கணக்கைப் பிரித்துப் பார்த்தீர்களா? மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது உங்கள் கேள்விக்குப் பதில் தராது. கூகளில் தேடி வந்தவர்கள் எத்தனை, முகவரியைத் தாங்களே தட்டி வந்தவர்கள் எத்தனை, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சுட்டியிலிருந்து வந்தவர்கள் எத்தனை என்று பாருங்கள். அதன் பிறகு, முதல் தடவை வந்து 7 நாளுக்குள் மறுபடி வந்தவர்கள் எந்தப் பக்கத்தின் வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

குகேஷ் கட்டுரைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வியோடு வந்தார்கள், பதில் கிடைத்தது, போய்விட்டார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் அடுத்து என்ன இருந்தது? குகேஷின் அடுத்த போட்டி எங்கே, எந்தத் தேதி, அதைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று இரண்டு வரி இருந்திருந்தால் கொஞ்சம் பேராவது நினைவில் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. நேரடி ஸ்கோர் போடும் யோசனை வந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கிரிக்கெட் தளமான கிரிக்இன்ஃபோ 1993இலிருந்து அந்த வேலையைச் செய்கிறது. கூகளில் அணியின் பெயரைத் தட்டினாலே ஸ்கோர் மேலே வந்து நிற்கிறது. பந்துக்குப் பந்து தகவல் வேண்டுமென்றால் அதை விற்கும் நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். நால்வர் நடத்தும் தளத்துக்கு அது தேவையில்லாத செலவு.

ஈசூன்அம்மா

நான் விளையாட்டுச் செய்தி அதிகம் படிக்கிறவள் இல்லை. ஆனாலும் நான் தினமும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்த காலம் உண்டு, அதைச் சொல்கிறேன்.

என் மகள் உயர்நிலைப்பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறாள், வயதில் இளையவர்களுக்கான 'சி' பிரிவு. தேசியப் பள்ளி விளையாட்டுகளின் ஆட்டங்கள் பெரும்பாலும் வார நாளில் பிற்பகலில் நடக்கும். நானும் அவள் அப்பாவும் வேலையில் இருப்போம். ஆட்டம் முடிந்து அவள் கைப்பேசியைக் கையில் எடுக்கும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அனுப்புவதும் "வின்" அல்லது "லாஸ்" என்று ஒரே சொல்தான். எத்தனை கோல், யார் நன்றாக ஆடினார்கள், அடுத்த ஆட்டம் யாரோடு, அதில் வென்றால் அரையிறுதிக்குப் போவார்களா, இதெல்லாம் தெரிந்துகொள்ள ஏங்குவேன். அந்தப் பருவம் முழுவதும் மாலையானால் முடிவுகள் வந்துவிட்டனவா என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

ஆங்கிலத்தில் பெரிய பள்ளிகளின் ரக்பி, காற்பந்து இறுதியாட்டம் பற்றியெல்லாம் வரும். அக்கம்பக்கப் பள்ளியின் 'சி' பிரிவு வலைப்பந்துக்கு நாலு வரி வருவது அபூர்வம். அதை நீங்கள் எழுதினால் அந்த 12 பிள்ளைகளின் அம்மா, அப்பா, பாட்டி, சித்தப்பா எல்லோரும் வருவார்கள். என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பேத்தி ஆடும் அணியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் இருந்தால் அவர் அடுத்த ஆட்டம் வரை அதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு கவலை. பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் போடுவதற்கு முன் பள்ளியிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்டால் எனக்கே பிடிக்காது. பள்ளியின் பெயரும் முடிவும் மட்டும் போட்டால்கூட நாங்கள் வருவோம்.

பழையகாலாங்

ஈசூன்அம்மா சொன்னது சரியான வழி. நான் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்குக் காலாங் தேசிய விளையாட்டரங்கம்தான் எல்லாம். 1994இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு ஷா ஆலமுக்குப் பேருந்து பேருந்தாகப் போனார்கள். மலேசியாவின் பஹாங் மாநில அணியை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒரு கோல். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் வி. சுந்தரமூர்த்தி பந்தைக் காலில் வாங்கும்போது அரங்கில் எழுந்த சத்தத்தைப் பற்றி யார் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அதைக் கேட்டவர்கள் இன்னும் தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

நம் ஓட்டக்காரர் சி. குணாளன் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 33 ஆண்டு நின்றது. 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை முறியடித்தார். ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! அந்த இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் எத்தனை பேர் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஒரு கட்டுரை போடுங்கள். ஐந்து வருஷம் கழித்தும் யாராவது தேடி வந்து படிப்பார்கள். நேற்றைய ஆட்டத்தின் செய்தியை நாளை யார் படிப்பார்கள்?

தரவு எங்கே கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களும் இருக்கின்றன. விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினாலே பாதிக் கட்டுரை கிடைத்துவிடும். மீதிப் பாதியை வாசகர்களே பின்னூட்டத்தில் எழுதுவார்கள். "அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்று எழுத ஓர் இடம் கிடைத்தால் எங்களைப் போன்றவர்கள் அங்கேயே இருப்போம்.

தெம்பனிஸ்தம்பி

பழையகாலாங் அண்ணன் மேல் மரியாதையோடு சொல்கிறேன், 1994இல் நான் பிறக்கவே இல்லை. என் வயதுப் பையன்கள் அதற்காகத் தினமும் வர மாட்டார்கள். எப்போதாவது ஒன்று படிப்போம், அவ்வளவுதான்.

நாங்கள் உள்ளூர்க் காற்பந்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கே எழுதுவதற்கு இப்போது நிறைய இருக்கிறது. 2025 மே மாதம் பீஷான் விளையாட்டரங்கில் நம் மன்றமான லயன் சிட்டி செய்லர்ஸ் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தில் ஷார்ஜாவிடம் 2-1 என்று தோற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். நான் அரங்கில் இருந்தேன், பக்கத்தில் இருந்த மாமா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்கில் 2-1 என வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தேசிய அணி தகுதி பெற்றது. 1984இல் போட்டியை நாமே நடத்தியதால் இடம் கிடைத்தது. தகுதிச்சுற்றில் ஆடி இடம் பிடித்தது இதுதான் முதல் தடவை. சவுதியில் 2027 ஜனவரியில் தொடங்குகிறது. அதுவரை மாதா மாதம் எழுத விஷயம் இருக்கிறது: யார் எந்த மன்றத்தில் ஆடுகிறார், யார் காயத்திலிருந்து திரும்புகிறார், நட்பு ஆட்டங்களில் யாரைச் சோதிக்கிறார்கள் என்று.

காணொளி வேண்டும் என்று சொல்லப் போகிறேன் என நினைத்திருப்பீர்கள். இல்லை. காணொளியை நாங்கள் டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்த்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவோம், உங்கள் தளத்துக்கு வர மாட்டோம். பிரிமியர் லீக் காட்சிகளை வெட்டிப் போடவும் உங்களுக்கு உரிமை கிடையாது. ஜாலான் புசார் விளையாட்டரங்கில் ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் சொன்னதைக் கேட்டு எழுதிப் போடுங்கள், அதற்கு வருவோம்.

கட்டாந்தரை

கிரிக்கெட்டை யாரும் தொடவில்லையே! ஐபிஎல் ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்குத் தொடங்குகிறது, மறுநாள் வேலை இருப்பவர்கள் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். சிஎஸ்கே பற்றி எழுத சென்னையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கிருந்து அதையே எழுதினால் நாம் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

பாலஸ்டியரில் இந்தியர் சங்கத் திடல், பக்கத்திலேயே சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப். வார இறுதியில் அந்தப் பக்கம் போனால் வெள்ளை உடையில் ஆள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதுங்கள். 2024 செப்டம்பரில் மலேசியாவின் பாங்கியில் நடந்த டி20 உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் மங்கோலியாவைச் சிங்கப்பூர் 10 ஓட்டத்துக்குச் சுருட்டியது. அணியின் மொத்த ஓட்டமே 10! 17 வயது ஹர்ஷா பரத்வாஜ் 3 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். சிங்கப்பூர் 5 பந்தில் வென்றது. உலகம் முழுக்கச் செய்தி வந்தது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நாலு வரி. சுழற்பந்து வீசும் இந்தப் பிள்ளை எங்கே பழகினார், சிங்கப்பூர் அணிக்கு ஆள் எப்படி எடுக்கிறார்கள், வேலைக்குப் போய்க்கொண்டே நாட்டுக்காக ஆடுகிறவர்கள் விடுப்பு எப்படி வாங்குகிறார்கள்? இதை எழுதக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும், இதை நான் மனசார நம்புகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள். தமிழில் படிப்பது அவர்களுக்குப் பழக்கம். நம் பிள்ளைகளில் பலருக்கு அது பாடம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் கிரிக்கெட்டும் கபடியும் ஆடுகிறார்கள். ஊர்ப் பெயரில் அணி வைத்து, காசு போட்டுச் சட்டை அடித்து ஆடுகிறார்கள். பட்டுக்கோட்டைக்காரர்களும் அறந்தாங்கிக்காரர்களும் மோதினால் இரண்டு ஊரிலும் வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடும். அந்த ஆட்டத்தின் முடிவை ஞாயிறு இரவே போடுங்கள். ஊரில் இருக்கும் குடும்பமும் சேர்ந்து படிக்கும். அவர்களைவிட விசுவாசமான வாசகர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

மூணுமணிக்காரன்

கட்டாந்தரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிமியர் லீக்கை அடியோடு விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதி. உள்ளூர் ஆட்டத்தைப் படிக்க வருகிறவர் அந்த அணியின் ஆள். அணி வெளியேறிவிட்டால் அவரும் போய்விடுவார். பிரிமியர் லீக் ஆகஸ்ட் முதல் மே வரை வாரா வாரம் இருக்கிறது.

பழையகாலாங்

வாரா வாரம் இருக்கிறது என்பதற்காக நாமும் எழுத வேண்டுமா தம்பி? நம் ஓட்டக்காரர் சாந்தி பெரேராவைப் பாருங்கள். 2015இல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம். அதற்குப் பிறகு காயமும் ஏமாற்றமுமாகப் பல வருஷம். 2023இல் நோம் பென்னில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 100, 200 இரண்டிலும் தங்கம், ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் 23.03 விநாடியில் தங்கம். 1974இல் சீ சுவீ லீ 400 மீட்டரில் வென்ற பிறகு ஆசிய விளையாட்டின் திடல்தடப் போட்டியில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வென்ற அன்று எல்லோரும் எழுதினார்கள். நடுவில் இருந்த அந்த வருஷங்களில் ஒவ்வொரு பருவமும் அவரைப் பின்தொடர்ந்து எழுதிய தளம் ஒன்று இருந்திருந்தால், அதன் வாசகர்கள் ஹாங்ஜோ ஓட்டத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்! இப்போதும் அப்படி யாரோ ஒருவர் காயத்தோடு பயிற்சி செய்துகொண்டிருப்பார். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள், வெவ்வேறு விளையாட்டிலிருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்களைப் பற்றி எழுதுங்கள். வென்றாலும் தோற்றாலும் எழுதுங்கள்.

எண்கணக்கு

இது நல்ல யோசனை, என் வோட்டு இதற்குத்தான். நம் மூணுமணிக்காரரின் வெள்ளி மாலைப் பதிவும் இதோடு முரண்படவில்லை. இரண்டிலும் வாசகருக்கு அடுத்தது எப்போது வரும் என்று தெரிகிறது, அதுதான் முக்கியம். நாள் தவறினால் பழக்கம் விட்டுப்போகும். எழுத முடியாத வாரம் வரும் என்று தெரிந்தால் இரண்டு பதிவைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகப் போட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் கூட்டம் சேர்ந்ததும் வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் விளம்பரம் தருகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பும், பணமும் நல்ல பணமாக இருக்கும். தொடாதீர்கள். 2022ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாத சூதாட்டத்தை இங்கே விளம்பரம் செய்வது குற்றம். விளையாட்டுப் பந்தயத்துக்கு இங்கே சட்டப்படி இருப்பது சிங்கப்பூர் பூல்ஸ்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பந்தயத்தால் நொந்த குடும்பங்களை நம் சமூகத்தில் நான் பார்த்திருக்கிறேன். அந்த விளம்பரம் போட்ட தளத்தை என் தம்பிக்கு நான் காட்ட மாட்டேன்.

காசு கட்டாமல், பரிசும் இல்லாமல், வெறும் புள்ளிப் பட்டியல் மட்டும் வைத்து வாரம் ஐந்து ஆட்டம் ஊகிக்கச் சொல்லலாம். ஐந்தில் இரண்டு உள்ளூர் ஆட்டமாக இருக்கட்டும். ஊகிப்பதற்காகவாவது உள்ளூர்க் காற்பந்து மன்றமான பாலஸ்டியர் கால்சாவின் கடைசி ஆட்டம் எப்படிப் போனது என்று படிப்பார்கள். பரிசு வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பாலஸ்டியர்வாசி

நன்றி, நண்பர்களே. எண்கணக்கு சொன்னபடி நேற்றிரவு வருகைக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். ஏழு நாளுக்குள் திரும்பி வந்தவர்கள் அதிகம் நுழைந்திருந்தது, நாங்கள் ஒரு தடவை விளையாட்டாகப் போட்ட இந்தியர் சங்க கிரிக்கெட் ஆட்டத்தின் பக்கம். அதற்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களே மறுபடி மறுபடி வந்திருக்கிறார்கள். மீதி ஆட்டங்கள் எப்போது வரும் என்று அதன் கீழே கேட்டும் இருக்கிறார்கள்.

நால்வரும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஞாயிறு இரவு 10 மணிக்கு உள்ளூர் ஆட்டங்களின் தொகுப்பு. கிரிக்கெட், கபடி, காற்பந்து மூன்றும் அதில் இருக்கும், வெளிநாட்டு ஊழியர்களின் ஆட்டங்களும் சேரும். கட்டாந்தரை அண்ணன் அதற்கு ஆள் பிடித்துத் தந்தால் பெரிய உதவி. வெள்ளி மாலை ஃபேண்டசி பதிவை எங்களில் ஒருவர் எழுதுகிறார், அவருக்கு அதில் பைத்தியம். ஐந்து வீரர்களைப் பின்தொடரும் தொடரை அடுத்த மாதம் தொடங்குகிறோம், அதில் ஒருவர் மாற்றுத்திறனாளி நீச்சல் வீரராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய வீரர்கள் பற்றி மாதம் ஒன்று, அதைப் பழையகாலாங் அண்ணன் எழுதித் தருவாரா என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன். பிரிமியர் லீக் ஆட்டச் செய்தியையும் ஐபிஎல் செய்தியையும் நிறுத்துகிறோம். மூணுமணிக்காரர் கேட்ட அந்த நாலு பத்தி விளக்கத்தை எழுதத் தெரிந்தவர் எங்களிடம் இப்போது இல்லை, கிடைத்தால் தொடங்குவோம்.

பள்ளி ஆட்டங்கள்தான் கடினம், வார நாள் பிற்பகலில் எங்களால் போக முடியாது. பெற்றோர் யாராவது முடிவை அனுப்பினால் சரிபார்த்து, பள்ளியின் அனுமதியோடு அன்றிரவே போடுகிறோம்.

பழையகாலாங்

எழுதித் தருகிறேன். முதலில் குணாளன். தட்டச்சுதான் எனக்கு மெதுவாக வரும், கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் சரியா?

மூணுமணிக்காரன்

அந்த நாலு பத்தியை நான் எழுதிப் பார்க்கிறேன். புதன் ஆட்டம் முடிந்ததும் ஒன்று அனுப்புகிறேன், பிடித்தால் போடுங்கள்.

ஈசூன்அம்மா

எங்கள் அணியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆறு பேர் முறை வைத்து முடிவை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள், ஆசிரியரிடமும் பேசிவிட்டேன். அடுத்த ஆட்டம் செவ்வாய்க்கிழமை பிற்பகல். எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.